தூத்துக்குடியில் இல்லாத தவளை

அறுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். மாணவிகள் அறுப்பதற்கான தவளைகளை எண்ணி எடுத்து வைக்க வேண்டும். சாடிகளில் பார்மலின் குறைந்தால் ஊற்ற வேண்டும். லேபிள் எழுத வேண்டும். கடைசி வேலைக்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள் என்று தோன்றும். இந்தியன் இங்க் தொட்டு எழுதினால் என் எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

எங்கள் துறையின் பேராசிரியை ஆழ்வார்திருநகரிக்காரர். எனக்கும் அதே ஊர், அடுத்த தெரு. அவருடைய தமையனாரும் என் அப்பாவும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். எனக்கு வேலை கிடைத்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தொட்டிருந்தார். திருநெல்வேலி மாவட்டத்தில் என்னென்ன தவளை எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு முழுப் பட்டியல் போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விடுமுறை நாட்களில் ஒரு துணிப்பையும் வாய் அகன்ற பாட்டில்களுமாகக் கிளம்பிவிடுவார்.

அதிலும் மரத்தவளைகள் என்றால் அவருக்கு உயிர். விரல் நுனியில் வட்டமாக ஒட்டுத்தட்டு இருக்கும் தவளைகள் உலகம் முழுவதும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இருப்பதும் நம்மூர்க் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் பார்வைக்குத்தான் ஒன்று. மார்பெலும்பைத் திறந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு குடும்பம். நம்மூர்க் குடும்பத்துக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. தண்ணீருக்கு மேலே நுரையால் கூடு கட்டி முட்டையிடுபவை ஒரு வகை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, தலைப்பிரட்டையாக நீந்தாமல் நேரே தவளையாக வெளியே வரும் சின்னஞ்சிறு புதர்த்தவளைகள் இன்னொரு வகை. அவற்றுக்குக் குளம் வேண்டாம், ஆனால் எப்போதும் ஈரம் வேண்டும். அதனால் மேற்கு மலையின் மழைக்காடுகளை விட்டு அவை இறங்குவதில்லை. உப்பளமும் வெள்ளை மணலுமாகக் கிடக்கும் தூத்துக்குடிக்கு வாய்த்தது ஒரே ஒரு மரத்தவளைதான். ஜனங்கள் தேரை என்று சொல்லும் பெரிய பழுப்பு நிறத் தவளை. பேராசிரியையின் பட்டியலில் தூத்துக்குடிக்கு நேரே மரத்தவளை என்ற பத்தியில் ஒற்றை வரி இருந்தது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். செய்தி வந்த அன்று அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "எனக்கு ஒரே குழந்தை" என்று சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை. அம்மா அதற்குள் காலமாகியிருந்தாள். இருந்திருந்தால் ரகசியமாக அழவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

வேலைக்கு வந்த பிறகு கல்லூரி விலாசத்துக்கு அண்ணா கடிதம் போட ஆரம்பித்தான். ஒரு புரட்டாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்திருப்பதாக எழுதினான். என்னால் இருப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் பேராசிரியையிடம் உண்மையைச் சொல்லி லீவு கேட்டால், அது அவர் தமையனார் வழியாக அப்பாவின் காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன். பல் பிடுங்கப் பாளையங்கோட்டைக்குப் போகிறேன், சிநேகிதி வீட்டில் மூன்று நாள் தங்குவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

"கடைவாய்ப் பல்லா? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளி. நன்னா ஓய்வெடுத்துண்டு வா" என்று பரிவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மணியாச்சியில் ரயில் மாறி, திருநெல்வேலியில் மாறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கி, தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போன லாரியில் மலை ஏறினேன். மழை விடாமல் பெய்தது. அண்ணாவின் வீடு தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். அண்ணி கட்டிலில் இருந்து எழுந்து நிற்கப் பார்த்தாள். நான் அவளை "மன்னி" என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை. அண்ணா சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கிளம்புகிற அன்று வாசல் கல்லிடுக்கில் இருந்த ஒரு பெரணிச் செடியை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"இதா? இது காடு பூரா கெடக்கு. உங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு, இதையாவது கொண்டு போங்க" என்று மன்னி அதைப் பாசியோடு பெயர்த்து, ஒரு காலிப் பால் டின்னில் அமுக்கி, ஈரத்துணியால் சுற்றிக் கொடுத்தாள்.

தூத்துக்குடிக்கு வந்ததும் டின்னைக் கல்லூரி விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் நிழலில் வைத்தேன். இரண்டு நாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். கிணற்று உப்புத் தண்ணீர் பெரணிக்கு ஆகவில்லை. ஒரே வாரத்தில் ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, எங்கள் ஆய்வக அட்டெண்டர் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டு வந்தாள். கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவள். புருஷன் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை செய்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன்.

"டீச்சர், இங்கன பாருங்க. தொட்டிச் சொவத்துல ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. தேரைக் குட்டி போல இருக்கு."

தம்ளருக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு தவளை. முதுகு பாசி நிறம். நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியை வந்துவிட்டார். லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நெடுநேரம் திரும்பவே இல்லை.

"குட்டி இல்லேடி இது. முழுசா வளர்ந்தது. விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கா பாரு, சுத்தமா இல்லை. இது புதர்த்தவளை. மலையைத் தவிர வேற எங்கேயும் இருக்கிறதா யாரும் எழுதினதே இல்லை. இங்கே எங்கேர்ந்து வந்தது?"

அவர் என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மன்னி பெயர்த்த பாசிக்குள் உட்கார்ந்து, மூன்று ரயில் ஏறி இறங்கி, என் மடியில் வந்திருக்கிறது. சொன்னால் அடுத்த கேள்வி, நீ மலைக்கு எப்போது போனாய்?

"யாராவது செடி கிடி கொண்டு வந்து வெச்சிருப்பாளோ, மேடம்" என்றேன்.

அவர் உடனே தொட்டியடிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். பால் டின்னைப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார்.

"ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி வெச்சது, மேடம். சாத்தான்குளத்துப் பக்கம். டி.சி. வாங்கிண்டு போயிட்டா."

சாத்தான்குளம் வறண்ட செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். எப்படி அந்த ஊர் என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. பேராசிரியையின் முகம் தெளிந்தது. "அப்போ செடியில வரலை" என்றார்.

அன்று மத்தியானம் லேபிள் எழுதச் சொன்னார். இடம்: தூத்துக்குடி, கல்லூரி வளாகம், தண்ணீர்த் தொட்டிச் சுவர். பிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடாமல் அட்டெண்டர் அக்காவின் முழுப்பெயரைப் போடச் சொன்னார். நான் எழுதினேன். எப்போதும் போல அச்சு மாதிரிதான் வந்தது.

அடுத்த வருஷம் ஒரு சிறிய விலங்கியல் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. தாமிரபரணி மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. அதன் கரையெல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்திருக்க வேண்டும். அந்த ஈரத்தின் வழியே இறங்கி வந்த தவளைகளின் மிச்சம் இன்னும் கரையோரத் தோப்புகளில் ஒளிந்திருக்கிறது. இதுதான் அவர் வாதம். படித்தால் எனக்கே நம்பத் தோன்றியது. கட்டுரைப் பிரதி ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அதில் தன் பெயர் இருந்த வரியை என்னை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். பிறகு வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கொழும்புக்குப் போய்த் திரும்பிய புருஷனிடமும், "ஏங்க, வெள்ளக்காரன் நாட்டுல எல்லாம் எம்பேர வாசிப்பாங்களாம்" என்று சொன்னாளாம்.

சென்னையிலிருந்து ஒரு நிபுணர் பேராசிரியைக்குக் கடிதம் எழுதினார். தவளையை அவர் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார், ஆனால் இடம்தான் நம்பும்படி இல்லை, இன்னொன்று கிடைத்தால் நல்லது என்று எழுதியிருந்தார்.

"இன்னொண்ணு பிடிச்சுக் காட்டினாத்தான் நம்புவாளாம்" என்று பேராசிரியை கடிதத்தை மேஜை மேல் போட்டார். "பிடிச்சுட்டாப் போறது."

ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த வருஷம் நாங்கள் கிளம்பினோம். அதற்கடுத்த வருஷமும் போனோம். சனி ஞாயிறுகளில் ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், பழையகாயல் ஓடைக்கரை. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலை இலையாகப் புரட்டுவார். நான் அவருக்குக் குடை பிடிப்பேன். ஆத்தூரில் ஒரு கொடிக்கால்காரர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா தேடுதிய? எதையும் தொலச்சிட்டியளா?"

"தவளை தேடறோம், அண்ணாச்சி. நகத்தளவு இருக்கும், பச்சையா."

"தவளையா? வாய்க்கால்ல எறங்குங்க, சாக்குச் சாக்கா அள்ளலாம்."

"அது இல்லை. இது தண்ணிக்கே வராது."

"தண்ணிக்கு வராத தவளையா?" அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "நானும் பொறந்ததுல இருந்து இங்கனதான் கெடக்கேன். பாத்ததில்லம்மா."

பேராசிரியை சிரித்தார். "அவருக்குத் தெரியறதா பாரு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். கொடிக்கால்காரருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு தடவையாவது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதில் எண்ணியபடியே கிளம்புவேன். திரும்பும் பஸ்ஸில் அவர் ஈரச் சேலையோடு ஜன்னலோரம் கண்ணை மூடியிருப்பார். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருக்கும். வாய் வராது. சொன்னால் அப்பா போய்விடுவார், அக்காவின் பெயர் போய்விடும், இவருடைய கட்டுரை போய்விடும். சொல்லாவிட்டால் இவர் தேடிக்கொண்டே இருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவரை நான் தள்ளிவிட வேண்டியிருந்தது. அதனால் குடையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஏழு மழைக்காலம் போயிற்று. ஒரு தை மாதம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் அண்ணாவுக்குத் தந்தி அடித்தேன். தெருவில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கொள்ளி வைக்க வேறு பிள்ளை இல்லை. அண்ணா தனியாக வந்தான். மன்னியையும் குழந்தையையும் வரச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

ஐந்தாம் நாள் பேராசிரியை துக்கம் கேட்க வந்தார். கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். பழைய பக்கத்துத் தெருப் பையன் என்று அண்ணாவிடம் பேச்சுக் கொடுத்தார். எங்கே இருக்கிறாய், என்ன வேலை, குழந்தைகள் உண்டா? அண்ணாவுக்கு அந்த வீட்டில் அத்தனை நாளில் அப்படி விசாரித்த முதல் ஆள் அவர்தான். சந்தோஷத்தில் கொட்டிவிட்டான்.

"ஒரு பொண்ணு. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. அவ பிறந்தப்போ எங்க மனுஷான்னு வந்து பார்த்தது இவ ஒருத்திதான். கொட்டற மழையில அரிசி லாரியில ஏறி வந்தா." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் மன்னி பால் டின்னுல ஒரு பெரணி வெச்சுக் கொடுத்தாளே, அது பிழைச்சுதாடி? அவ அடிக்கடி கேட்பா" என்றான்.

பேராசிரியை கையில் இருந்த தம்ளரைத் தரையில் வைத்தார். "இது எப்போ?" என்று அண்ணாவைக் கேட்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஐப்பசி பிறந்து நாலஞ்சு நாள் இருக்கும். இவ அப்போதான் வேலைக்குச் சேர்ந்திருந்தா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாத வீடாகையால் சொல்லாமல் போனார்.

காரியங்கள் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பியபோது ஆய்வகத்தில் அவர் மட்டும் இருந்தார். எதிரே அந்தச் சாடி இல்லை. அது எப்போதோ சென்னை மியூசியத்துக்குப் போய்விட்டது. வெறும் பட்டியல் நோட்டு மட்டும் திறந்திருந்தது.

"பல்லு பிடுங்கிண்டு வந்தேன்னு சொன்னே. கன்னத்துல கை வெச்சுண்டு நின்னே. நான் உனக்கு ஆத்துலேர்ந்து ரசஞ்சாதம் குழைய வெச்சுக் கொண்டுவந்தேன்" என்றார்.

"மேடம்..."

"ஏழு வருஷம்டி. பக்கத்துல நின்னுண்டு குடை பிடிச்சியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்னு பயந்தேன், மேடம்."

"உங்கப்பாகிட்ட நான் போய்ச் சொல்லுவேன்னா நினைச்சே?"

சொல்லியிருக்க மாட்டார். அவரைப் பற்றி அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. நான் அழுதேன். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளி, "எழுது" என்றார். தூத்துக்குடியில் கிடைத்ததாகத் தாம் எழுதிய புதர்த்தவளை மலையிலிருந்து செடியோடு தற்செயலாக வந்தது, அந்த இடத்தைப் பட்டியல்களிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நாலு வரி சொன்னார். யார் கொண்டு வந்தார்கள் என்று அதில் இல்லை. "நீ யார்னு அவாளுக்கு எதுக்கு" என்றார். பிறகு, அக்காவிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வா, அவள் பெயரும் அதில் இருக்கிறது என்றார்.

அக்கா கடைசி வரை கேட்டாள். நான் மலைக்குப் போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ எம்பேர எடுத்துருவாங்களா, டீச்சர்?"

"தெரியலை, அக்கா."

"பிடிச்சது நாந்தானே? அது எங்க இருந்து வந்தா என்ன, தொட்டிச் சொவத்துல பிடிச்சது நாந்தானே?"

அது உண்மைதான். ஆமாம் என்றேன்.

திருத்தத்தை இதழுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து உறை அப்படியே திரும்பி வந்தது. அந்த இதழ் நின்றுபோயிருந்தது. சென்னை நிபுணருக்கு எழுதினோம். அவர் ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார் என்று வேறொருவர் பதில் போட்டார். அதற்குள் வடக்கே எங்கோ தயாரித்த பெரிய பட்டியல் ஒன்றில் தூத்துக்குடி ஏறிவிட்டது. அங்கேயும் எழுதினோம். பதிலே வரவில்லை. பேராசிரியை ஓய்வு பெற்று ஆழ்வார்திருநகரிக்குப் போனார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்கிருந்தாவது கடிதம் வந்ததா என்று முதலில் அதைத்தான் கேட்பார். இல்லை என்பேன். மூன்றாம் வருஷம் அவர் காலமானார். அதற்குப் பிறகும் புதிய பட்டியல் வெளிவந்திருப்பதாகத் தெரிந்தால், திருத்தத்தை என் கையால் நகலெடுத்து அனுப்புவேன். ஒரு தடவை குறித்துக்கொண்டோம் என்று தபால் அட்டை வந்தது. அந்தப் பட்டியலின் அடுத்த பதிப்பிலும் தூத்துக்குடி இருந்தது.

தொண்ணூறுகளில், நானும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புதர்த்தவளைகளின் பரவலைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறாளாம். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் மலையோரமாகவே இருக்க, ஒன்று மட்டும் கடலுக்குப் பக்கத்தில் தனியாக நிற்பதைக் காட்டினாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். தொட்டி இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம் நின்றது. அதன் நிழலில் நின்றுகொண்டு அண்ணா, மன்னி, பல் வலி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள்.

"நான் உங்கள நம்புறேன், மேடம்" என்றாள். "ஆனா அச்சுல வந்த பதிவ, ஒருத்தங்க வாயால சொன்னாங்கன்னு நான் நீக்க முடியாது. அந்தத் தவளையும் இப்ப மியூசியத்துல இல்ல, சாடி வறண்டு போயி எறிஞ்சிட்டாங்களாம். இருந்தா மலைத் தவளையோட ஒப்பிட்டுப் பாக்கலாம். என்னால முடிஞ்சது, அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுறேன்."

போட்டாள். ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தை எனக்கு நகல் எடுத்து அனுப்பினாள். பொடி எழுத்தில், ஆனால் தெளிவாகக் கேள்விக்குறி இருந்தது. நாலு வருஷம் கழித்து அந்த வரைபடம் ஒரு புத்தகத்தில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். புள்ளி இருந்தது. கேள்விக்குறி இல்லை. அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்கும். பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.